மஞ்சள் முடிச்சில் ஒரு வண்டிச் சாமான்

எங்கள் வீட்டில் கார் கிடையாது. கார் ஷெட் உண்டு. பதினெட்டு வருஷத்துக்கு முன் கொச்சி மட்டாஞ்சேரியில் இந்த வீட்டை வாங்கியபோது என் கணவர் வாஞ்சிநாதன், "கார் பின்னாடி வாங்கிக்கலாம்" என்றார். கார் வரவில்லை. அதற்குப் பதிலாக வந்து சேர்ந்தது ஒரு கிழட்டு மோட்டார்சைக்கிள். அவர் வேலை பார்க்கும் மிளகுக் கம்பெனியின் பழைய கிடங்கைக் காலி செய்து காபிக்கடைக்கு வாடகைக்கு விட்டார்கள். அங்கே சாக்குகளுக்கு அடியில் கிடந்த வண்டி, இரும்புக்கடைக்குப் போக இருந்தது. இவர் அதைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். சீட்டைத் தட்டினால் மிளகுத்தூள் பறந்தது. ஒரு வாரம் நாங்கள் இரண்டு பேரும் தும்மிக்கொண்டே இருந்தோம்.

"இது ஓடுமா?" என்று கேட்டேன்.

"ஓடாத வண்டின்னு ஒண்ணு கிடையாது கங்கா. ஓட வெக்கத் தெரியாத ஆளுதான் உண்டு."

பேச்சுக்குக் குறைச்சலில்லை. ஸ்பேனரைப் பிடிக்கச் சொன்னால் கரண்டி பிடிப்பதுபோல் பிடிப்பார். ஆனால் அன்று சாயங்காலமே வண்டியை ஒரு போட்டோ எடுத்து என் தம்பி சுதர்ஷனுக்கு அனுப்பிவிட்டார். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது: "தொடாதேங்கோ அத்திம்பேர். டிசம்பர்ல நான் வரேன்."

அந்தப் பதிலை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். சுதர்ஷன் களமசேரியில் இன்ஜினியரிங் படித்துவிட்டுக் கனடாவுக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. அம்மா எங்களோடு இருந்தவரை, வருஷா வருஷம் டிசம்பரில் மூன்று வாரம் வந்துவிடுவான். அவன் மனைவி அம்ருதா ஆஸ்பத்திரியில் நர்ஸ். டிசம்பரில் அவளுக்கு லீவு கிடைக்காது. போனிலேயே எங்களோடு சிரித்துக்கொள்வாள். அம்மா போனாள். காரியமெல்லாம் முடிந்து சுதர்ஷன் கிளம்பியபோது, "இனிமேல் யாருக்காக வர?" என்று அவன் கேட்கவில்லை. ஆனாலும் எனக்கு அது கேட்டது. சொல்லாததைக் கேட்கிற காது எனக்கு.

அப்படிப்பட்ட சமயத்தில்தான் வண்டி வந்தது. எனக்கு அந்த மிளகுத் தும்மல்கூடப் பிடித்துப்போனது அதனால்தான்.

முதல் டிசம்பரில் இரண்டு பேரும் ஷெட்டில் பழைய பேப்பரை விரித்து எஞ்சினைப் பிரித்துப் போட்டார்கள். சுதர்ஷன், பனி கொட்டும் ஊரிலிருந்து வந்தவன், சட்டை போடாமல் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எங்கள் ஊர்க் குளிர்காலம் என்றால் காலையில் ஃபேனை ஒரு எண் குறைப்போம், அவ்வளவுதான். என்னைக் கேட்காமல் என் இட்லிப் பாத்திரத்தில் மண்ணெண்ணெயை ஊற்றி நட்டும் போல்ட்டும் கழுவினார்கள். நான் கத்தினேன். "புதுசு வாங்கித் தரேன் அக்கா, கொஞ்சம் சாயா கொண்டா" என்றான். மணிக்கொரு சாயா. மண்ணெண்ணெய் நாற்றமும் அவர்கள் சண்டையும் சிரிப்புமாக வீடு நிறைந்திருந்தது. மூன்று வாரம் மூன்று நாளாகப் போயிற்று.

திருட்டு நடந்தது இரண்டாவது டிசம்பரில். எஞ்சினைத் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஷெட்டைப் பெருக்கும்போது குப்பையில் நகக்கண் அளவில் ஓர் இரும்புத்துண்டு கிடைத்தது. பிறைச்சந்திரன் வடிவம். மேக்னெட் சக்கரம் நழுவாமல் பிடித்துக்கொள்வது அதுதான், அது இல்லாமல் வண்டி கிளம்பாது என்று அன்று காலையில்தான் சுதர்ஷன் அத்திம்பேருக்குப் பாடம் நடத்தியிருந்தான். சத்தியமாகக் கொடுத்துவிடத்தான் திரும்பினேன். அதே நேரம் அவன் சொன்னான்: "இன்னும் ரெண்டு நாள்தான் அத்திம்பேர். இதை ஓட விட்டாச்சுன்னா நம்ம வேலை தீர்ந்தது."

என் கை தானாக மூடிக்கொண்டது.

அப்புறம் இரண்டு நாள் ஷெட் முழுக்கத் தேடினார்கள். நானும் டார்ச் எடுத்துக்கொண்டு தேடினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள் சோற்றைக் கொஞ்சம் கிளறியும் காட்ட வேண்டும் அல்லவா? "கிடைக்கலேன்னா அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்டா" என்றேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "செரி அக்கா" என்றான்.

திருடின பொருளை எங்கே வைப்பது என்பது அடுத்த கவலை. யோசித்து, மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் நாணயத்தோடு சேர்த்து முடிந்தேன். நம் வீடுகளில் காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும் முடிந்து வைப்பதில்லையா, அதுபோலத்தான். "குருவாயூரப்பா, என் தம்பி வருஷா வருஷம் வரணும்" என்று வேண்டிக்கொண்டு சாமி அலமாரியில் வைத்துவிட்டேன். சாமியிடமே கொடுத்து வைத்தால் அது திருட்டில் சேராது என்று என் கணக்கு. அந்த அலமாரியில் என் முட்டி வலிக்கு முடிந்தது ஒன்றும் இருந்தது. அதன் பக்கத்திலேயே இதுவும் உட்கார்ந்துகொண்டது.

மூன்றாவது டிசம்பரில் பெயிண்ட், ஒயரிங், சீட் எல்லாம் முடிந்தது. "அந்தச் சாமான் இப்ப எங்கேயும் கிடைக்கறதில்லையாக்கும்" என்றார் என் கணவர். எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. குருவாயூரப்பன் கைவிடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் வந்திறங்கிய மறுநாள் காலை, வண்டியைத் துணியால் துடைத்துக்கொண்டே சுதர்ஷன் சொன்னான்: "அக்கா, அடுத்த டிசம்பர் நான் வர முடியாது. இந்தத் தடவை எப்படியாவது இதை ஓட விட்டுடணும்."

"ஏன் வர முடியாது?"

"இப்ப கேக்காதே. அப்பறம் சொல்றேன்."

எனக்கு வந்த கோபத்தில் தோசை கருகிப்போனது. அவனுக்கு அக்கா அலுத்துப்போய்விட்டாள், அதைச் சொல்லக் கூச்சம் என்று தீர்மானித்துவிட்டேன். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாயாவைக்கூட டம்ளர் சத்தம் கேட்க வைத்துவிட்டு வந்தேன். அந்தத் துண்டைத் தரவே மாட்டேன், வண்டி துருப்பிடிக்கட்டும் என்று இருந்தேன்.

ஆனால் பிடிவாதம் ஓரளவுக்குத்தான் தாங்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சுதர்ஷன் வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மேக்னெட் சக்கரத்தைக் கையால் சும்மா சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையில் பாதி நரைத்துவிட்டது. எட்டு வயசில் என் சைக்கிள் பெடலைச் சுற்றிக்கொண்டு இதேபோல்தான் உட்கார்ந்திருப்பான். இவனை ஓர் இரும்புத்துண்டைக் காட்டியா பிடித்து வைப்பது என்று வெட்கமாகப் போய்விட்டது. வராவிட்டால் போகட்டும், ஆசைப்பட்டதை ஓட்டிவிட்டாவது போகட்டும் என்று சாமி அலமாரியைத் திறந்தேன்.

முடிச்சு இல்லை. முட்டி வலி முடிச்சும் இல்லை.

"ஏன்னா! இங்கே இருந்த முடிச்செல்லாம் எங்கே?"

அவர் கன்னத்தில் சோப்பு நுரையோடு வந்தார். "சிங்க மாசம் ஓணம் லீவுல கம்பெனிக்காரா கூட குருவாயூர் போனேனே. முட்டி வலிக்கு முடிஞ்சதைப் பண்டார உண்டியல்ல போட்டுட்டு வாங்கோன்னு நீதானே சொன்னே?"

"அது ஒண்ணு! நீங்கோ ரெண்டையும் போட்டுட்டேளா?"

"ரெண்டும் மஞ்சத் துணி. எது முட்டி வலின்னு மேலே எழுதியா வெச்சிருந்தே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதபடியே ஷெட்டுக்குப் போனேன். பின்னாலேயே சோப்பு நுரையோடு அவரும் வந்தார். ஒன்றுவிடாமல் சொன்னேன். பெருக்கும்போது எடுத்தது, கேட்ட பேச்சு, டார்ச் அடித்துத் தேடினது, குருவாயூரப்பன் பெயரில் முடிந்தது, இப்போது அது குருவாயூரப்பனிடமே போய்ச் சேர்ந்தது. "இனிமே எந்தக் கடையிலும் கிடைக்காதேடா சுதர்ஷா, நான் பாவி" என்றேன்.

சுதர்ஷன் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துச் சிரித்துத் தரையில் சாய்ந்தே விட்டான். "பண்டாரத்தை எண்ணினவா என்ன நினைச்சிருப்பா அக்கா! எவனோ வண்டிக்கு வேண்டிண்டிருக்கான்னு பூஜை பண்ணியிருப்பா!"

என் கணவர் சிரிக்கவில்லை. டூல் பெட்டியைத் திறந்து, அடித்தட்டிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே அதே பிறைத்துண்டு, பளபளவென்று.

"தோப்பும்படில பழைய சாமான் விக்கற கடையில போன வருஷமே வாங்கினது" என்றார். "ஒரு டப்பா நிறைய வெச்சிருக்கான்."

"கிடைக்கறதில்லைன்னேளே?"

அவர் சுதர்ஷனைப் பார்த்தார். அவன் எழுந்து உட்கார்ந்தான். "நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன் அக்கா. அன்னிக்கு நீ குனிஞ்சு எடுத்ததை வண்டிக் கண்ணாடியில பார்த்துட்டேன். நீயாத் தருவேன்னு இருந்தேன்."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். இரண்டு வருஷம் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். இவர்கள் இரண்டு பேரும் பூனையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கோபப்பட எனக்கு எல்லா உரிமையும் இருந்தது. ஆனால் தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் போன டிசம்பரும் வந்தானே என்று நினைத்தபோது கோபம் இறங்கிவிட்டது.

அரை மணியில் துண்டைப் பொருத்திச் சக்கரத்தை முறுக்கினார்கள். பெட்ரோலில் ஆயிலை அளந்து கலந்து ஊற்றினார்கள். சுதர்ஷன் உதைத்தான். ஒன்றும் இல்லை. பதினோராவது உதையில் வண்டி இருமியது. அடுத்ததில் சந்து முழுக்கப் புகையும் சத்தமும். என் கணவர் பாதி மழித்த கன்னத்தோடு குதித்தார். நானும் கை தட்டினேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

"ஏறு அக்கா" என்றான் சுதர்ஷன்.

முட்டி வலியைக்கூட மறந்து ஏறினேன். அரிசிக் கிடங்குகளைத் தாண்டி, மூட்டை இறக்குகிறவர்கள் வழிவிட, படகுத்துறை வரை போனோம். அங்கே எஞ்சினை நிறுத்தினான். நான் முந்திக்கொண்டேன். "நீ வர முடியலேன்னா பரவாயில்லைடா. எனக்கு வருத்தமில்லே" என்று பச்சைப் பொய் சொன்னேன்.

"அம்ருதா உண்டாயிருக்கா" என்றான்.

நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகி ஒன்பது வருஷம். போனில் அவள் சிரிக்கும்போதெல்லாம் நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.

"மூணு மாசம் முடியாம யார்கிட்டயும் சொல்லப்படாதுன்னா. நேத்தோட முடிஞ்சுது. ஜூன் கடைசில பிரசவம். டிசம்பர்ல ஆறு மாசக் குழந்தை இருக்கும், அதான் வர முடியாதுன்னேன்." தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "அவளுக்கு அம்மா இல்லே, அக்கா. எனக்கும் இல்லே. பிரசவம் பார்க்க அங்கே யாரும் இல்லே."

அவன் தொடர்ந்தான்.

"பன்னெண்டு வருஷமா வா வான்னு கூப்பிட்டேன். குளிருன்னே, முட்டின்னே, ஆத்தைப் பூட்டிண்டு எப்படி வரதுன்னே. நான் வரணும்னு முடிஞ்சு வெச்சியே, நீ வரணும்னு ஒரு தடவையாவது முடிஞ்சு வெச்சியா?"

பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. இத்தனை டிசம்பரும், அவனுக்கு நான் வேண்டுமா என்றுதான் கவலைப்பட்டேன். அவனுக்கு நான் வேண்டியிருக்கிறது, நான்தான் போகவில்லை என்பது ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. அவன் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். படகுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் நேராக என் கணவரிடம் போனேன். மிச்சக் கன்னத்தை மழித்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்போர்ட் எடுக்கறதுக்கு என்னென்ன பேப்பர் வேணும்?"

அவர் ரேசரை வைத்தார். முகத்தைக்கூடத் துடைக்காமல் பீரோவைத் திறந்து, தன் சட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து என் கையில் கொடுத்தார். என் பிறப்புச் சான்றிதழ், பாலக்காட்டில் எங்கள் கல்யாணத்தைப் பதிந்த காகிதம், ஆதார் நகல், எல்லாம் அடுக்காக இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புது பாஸ்போர்ட். திறந்தால் அவர் போட்டோ. அம்மா போன மறு வருஷம் எடுத்தது.

"நீங்கோ எடுத்து வெச்சிருக்கேளா? எங்கிட்டே சொல்லவே இல்லையே?"

"சொன்னா மாட்டேன்னு சொல்லிடுவே" என்றார். "ஒரு தடவை மாட்டேன்னு சொல்லிட்டா அப்பறம் மாத்திக்க மாட்டே. அதனால நீயாக் கேக்கறவரைக்கும் பேசாம இருந்துட்டேன்."

மூன்று வருஷம். சட்டையை மடித்து நான்தான் அடுக்குகிறேன். மேல் சட்டைக்குக் கீழே ஒரு நாளும் பார்த்ததில்லை. "திங்கட்கிழமை ஆபீஸ் திறக்கறதுக்கு முன்னாடி வாசல்ல போய் நிக்கணும்" என்றேன்.

"அந்த வண்டியிலேயே போலாம்" என்றார் அவர், சோப்பு நுரை சட்டையில் சொட்ட.

"வழியில நின்னுடுத்துன்னா?"

"நின்னா தள்ளிண்டு போலாம். ஆபீஸ் எங்கேயும் ஓடிப் போயிடாது."