பச்சையம்மாள் திருத்திய வரி

பதினோரு வருஷமாக நான் கோர்ட்டில் டைப்பிஸ்ட். சாட்சி சொல்வதை நீதிபதி வாக்கியமாக்கிச் சொல்வார், நான் அடிப்பேன். கடைசியில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். வாசிப்பது என்றால், ரயில் ஓட்டம்தான். என்னை யாரும் நிறுத்தியதில்லை, பச்சையம்மாளைத் தவிர.

அவர் ஜெயங்கொண்டம் பக்கம், இருளர் குடியிருப்பு. முந்திரிக்கொட்டை திருடினான் என்று அவருடைய கணவர் அசோக்கைத் தோப்பில் கட்டிவைத்து அடித்திருந்தார்கள். திருடியது வேறு ஆள் என்று பிறகு தெரிந்தது. அடித்ததாக மூன்று பேர் மேல் வழக்கு. இரண்டு வருஷம், வாய்தா தவறாமல் கணவனும் மனைவியும் பஸ் ஏறி வந்தார்கள்.

அன்று பச்சையம்மாள் சாட்சிக் கூண்டில் நின்று நடந்ததைச் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் எவ்வளவோ மடக்கியும் தடுமாறவில்லை. முடிந்ததும் நான் வாசிக்க ஆரம்பித்தேன்.

"மூன்று எதிரிகளும் என் கணவரைக் கட்டையால் அடித்தார்கள்..."

"இரு தாயி. நான் அப்புடிச் சொல்லலியே."

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். சாட்சி பல்டி அடிக்கிறார் என்று நினைத்து அரசு வக்கீலுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"பயப்படாம சொல்லுங்கம்மா, எது தப்பு?" என்றார் நீதிபதி.

"ரெண்டு பேருதாங்கய்யா அடிச்சாங்க. அந்தா நிக்குதே செல்லதுரை, அது அடிக்கல. அவுத்தும் வுடல. சும்மா நின்னுச்சு. நின்னதை நின்னுச்சுன்னே எழுதச் சொல்லுங்க."

"அவனுக்காக நீங்க ஏம்மா பேசணும்?" என்று அரசு வக்கீல் பதறினார்.

"எங்க வூட்டுக்காரரு முன்ன ஒருக்கா நாப்பது நாளு ஜெயில்ல கெடந்தாருங்க. செய்யாததைச் செஞ்சேன்னு யாரோ எழுதி, படிச்சுக் காட்டாமயே கைநாட்டு வாங்கிட்டாங்க. ஒரு காயிதம் என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும். என் வாயால இன்னொருத்தருக்கு அது வேணாம்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "மூணு பேர்னு சொன்னது நான்தான். தப்பு என்னுது. அனிதா மேரி, திருத்துங்க. திருத்திட்டு முதல்ல இருந்து மெதுவா படிங்க."

வரி வரியாகப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். "இப்ப நான் பேசுன மாரியே இருக்கு தாயி" என்று சொல்லிவிட்டுக் கட்டைவிரலை நீட்டினார்.

அடுத்த மாதம் தீர்ப்பு. அடித்த இருவருக்கும் தண்டனை, செல்லதுரைக்கு விடுதலை. யாரோ சொல்லிக்கொடுத்ததைப் பச்சையம்மாள் ஒப்பிக்கிறார் என்று எதிர்த்தரப்பு வாதாடியிருந்தது. எதிரி ஒருவனுக்குச் சாதகமான உண்மையைத் தானாகவே சொன்னவரின் மற்ற வார்த்தைகளையும் நம்புகிறேன் என்று நீதிபதி எழுதியிருந்தார்.

வராந்தாவில் செல்லதுரை அசோக் முன்னால் வந்து நின்றான்.

"அவுத்து வுட்டிருக்கலாம்ல?" என்றார் அசோக்.

"பயந்துட்டேண்ணே." அவன் அழுதுவிட்டான். அசோக் "சரி, வூட்டுக்குப் போ. அம்மா பாத்துக்கிட்டு இருக்கும்" என்றார்.

பச்சையம்மாள் என் மேஜைக்கு வந்தார். "நீ படிச்சுக் காட்டுனதாலதான் தாயி. நல்லா இருப்ப" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவருக்கு நான் சொல்ல வேண்டிய நன்றி அது. எழுந்து நின்று சொன்னேன். என்னவோ வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார்.