துரை நாற்காலி

"பெட்டி உள்ள வரணும்னா இத வெளிய எடுத்தே ஆவணும்" என்று சொல்லிக்கொண்டே நாலு ஆம்பளைகள் அந்தச் சாய்வு நாற்காலியைத் தூக்கினார்கள். நாலு பேர் சேர்ந்தும் மூச்சு வாங்கியது. அந்தக் காலத்துத் தேக்கு, லேசுப்பட்டதா?

"பின்னால கொண்டு போயி வச்சிடுங்கண்ணே. தார்பாய் போட்டு மூடிடுங்க" என்றாள் கஸ்தூரி.

"ஏம்மா மூடணும்?" காளியம்மா குறுக்கே வந்து நின்றாள். பக்கத்து வீட்டுக்காரி. நேற்று மத்தியானம் சோறு கொண்டுவந்தபோது, கஸ்தூரியின் அப்பா சின்னத்தம்பி அந்த நாற்காலியிலேயே அடங்கிப்போயிருந்ததை முதலில் பார்த்தவள் அவள்தான். "பெரியவர் உசிரு போன இடம். முன்னால கூடாரத்துக்குக் கீழ போடுங்க. ஒரு பொண்ணு அப்பனை எப்படி வச்சிருந்தான்னு வர்றவங்க பாக்கட்டும்."

போட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவான் செவ்வந்தி மாலை ஒன்றை அதன் முதுகில் தொங்கவும் விட்டுவிட்டான்.

அதற்கப்புறம் ஒரே புகழ்ச்சிதான். பொந்தியான் டவுன்காரர்கள், பண்டார் தெங்காராவில் சின்னத்தம்பியோடு செம்பனை லோரி ஓட்டியவர்கள், கோயில் கமிட்டிக்காரர்கள் என்று வந்த எல்லாருக்கும் காளியம்மா அதைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். "கடை கடையா ஏறி இறங்கி வாங்கினா. துரை பங்களாவுல இருந்ததாம். கடைசி வரைக்கும் பெரியவர துரை மாதிரில்ல சாய்ஞ்சு உக்கார வச்சா!" கேட்டவர்கள் கஸ்தூரியின் தலையைத் தடவினார்கள். "பெத்தா இப்படி ஒண்ணு பெக்கணும்" என்று தூரத்து அத்தை ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். ஒவ்வொரு தடவலுக்கும் கஸ்தூரி இன்னும் கொஞ்சம் குனிந்தாள். போதும், நிறுத்துங்க என்று கத்தவேண்டும்போல இருந்தது. கத்தினால், ஏன் என்று கேட்பார்கள்.

கடை கடையாக ஏறி இறங்கியது நிஜம். எதற்கு என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது.

புத்தி தடுமாற ஆரம்பித்த பிறகு சின்னத்தம்பிக்குக் கால் வீட்டில் தங்கவில்லை. லோரிக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிடுவார். ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடித்தார்கள். இன்னொரு தடவை நடு ரோட்டில், மயிரிழையில் தப்பினார். கஸ்தூரி கிரில்லைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போய்ப் பார்த்தாள். அவர் கம்பியைப் பிடித்து உலுக்கி ஊரைக் கூப்பிட்டார். "அப்பனை ஜெயில்ல போட்டிருக்கா பாரு" என்று அக்கம்பக்கம் பேசியது. பினாங்கில் இருந்த அண்ணன் செல்வா போனில், "ஹோம்ல மட்டும் சேத்துடாதே, மானம் போயிடும்" என்றான். அவன் செய்த ஒத்தாசை அவ்வளவுதான். ஃபேக்டரியிலோ இனிமேல் லீவு கேட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அவள் எந்தப் பக்கம்தான் திரும்புவாள்?

அப்போதுதான் பத்து பகாட் ரோட்டுப் பக்கம் இருக்கும் பழைய மரச்சாமான் கடைகளுக்குப் போனாள். நாற்காலி நாற்காலியாக உட்கார்ந்து பார்த்தாள். சுகமாக இருக்கிறதா என்று பார்க்கிறாள் என்றுதான் கடை முதலாளியான சீனத் தவுக்கே நினைத்தார். அவள் எழுந்து எழுந்து பார்த்தாள். நேர் முதுகு வைத்தது, ஒரே உந்தலில் எழ முடிந்தது, வேண்டாம். துணி போட்டது, கவிழ்த்துவிட்டு வந்துவிடுவார், அதுவும் வேண்டாம். கடைசியில் இந்தத் தேக்கு. பிரம்புப் பின்னல் தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்து, பின்பக்கம் சரிந்து கிடந்தது. உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. அவளாலேயே எழ முடியவில்லை. தவுக்கே ஓடிவந்து தூக்கிவிட்டு, "வயசானவருக்கா? அலமாக், இது வேணாம் லா. உக்காந்தா எந்திரிக்க முடியாது" என்று மலாயில் சொன்னார்.

"இதுவே இருக்கட்டும்" என்றாள் கஸ்தூரி.

அதற்குப் பிறகு கிரில்லைப் பூட்டவே இல்லை. காலையில் அவரைப் பசியாற வைத்து, நாற்காலியில் சாய்த்து, காத்தாடியைத் திருப்பிவிட்டு வேலைக்குப் போவாள். திறந்த வாசல் வழியாக எல்லாரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெரியவர் அமைதியாகிவிட்டார், எல்லாம் பொண்ணு கவனிப்பு என்றுகூடச் சொன்னார்கள்.

பெட்டி மூடுகிற நேரத்துக்குத்தான் செல்வா வந்து சேர்ந்தான். பினாங்கிலிருந்து விடிய விடியக் காடி ஓட்டிய அலுப்பு. அப்பாவின் முகத்தைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான். பிறகு வெளியே வந்து, மாலையைக் கையில் எடுத்துக்கொண்டு, நாற்காலியில் தொப்பென்று விழுந்தான்.

"காளியம்மாக்கா எல்லாத்தையும் சொன்னாங்க. நான்தான் ஒண்ணுமே செய்யல. நீயாச்சும் செஞ்சியே தாயி."

கஸ்தூரி அவன் கையிலிருந்த மாலையை வாங்கி ஓரமாக வைத்தாள்.

உள்ளேயிருந்து பண்டாரம் குரல் கொடுத்தார். "கொள்ளி வைக்கிற மகன் எங்கப்பா? வாங்க வாங்க, நேரமாச்சு."

செல்வா எழப் பார்த்தான். முடியவில்லை. காலை ஊன்றி இடுப்பை அசைத்தான். மறுபடியும் குழிக்குள்ளேயே சரிந்தான். சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. சாவு வீடாச்சே என்று அடக்கிக்கொண்டான்.

"என்னா இது, ஆளையே முழுங்குது! அப்பா எப்படி எந்திரிப்பாரு?"

"நான் தூக்கி விடுவேன்."

"நீ வேலைக்குப் போனப்புறம்?"

கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவனுக்கே உறைத்தது. சிரிப்பு போய்விட்டது. தங்கச்சியைப் பார்த்தான். காலையிலிருந்து குனிந்தே கிடந்த கஸ்தூரி இப்போது நிமிர்ந்து அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பயமாக இருந்தது. அப்பாடா என்றும் இருந்தது.

"செல்வா!" மறுபடியும் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

அவன் கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்து உந்தினான். தவுக்கே கறுகறுவென்று புதுப் பாலிஷ் அடித்துக் கொடுத்த கைப்பிடிகள். இரண்டிலும் நுனியில் மட்டும், ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பாலிஷ் தேய்ந்து மரம் வெளுத்திருந்தது. செல்வாவின் கைகள் அங்கேதான் இருந்தன. அவனும் அதைப் பார்த்தான்.

கஸ்தூரி இரண்டு கைகளையும் நீட்டினாள். அவன் மரத்திலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.