படகுத்துறையில் ஒரு சிவப்புப் புள்ளி

அலுவலகத்தில் அவளுக்கு ஜோசியக்காரி என்று பெயர். வீடியோ கேம் ஆடுகிறவர்கள் எங்கே திணறுவார்கள், எங்கே சலித்துப்போய் மூடிவைப்பார்கள் என்று புட்டுப்புட்டு வைப்பாள். இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. ஆடுகிறவர் ஒவ்வொருவரும் அவள் திரையில் ஒரு புள்ளி. ஓரிடத்திலேயே வெகுநேரம் நின்றால் புள்ளி சிவக்கும். சிவந்தால் அங்கே ஏதோ கோளாறு. பெயர் கிடையாது, முகம் கிடையாது. புள்ளிக்கு ஏது முகம்?

இந்த ஆற்று விளையாட்டை வடிவமைத்தவன் அவளுடைய சொந்த அண்ணன். விளையாட்டு வெளிவந்த கையோடு, ஒரு காலையில் மாரடைப்பு வந்து போய்விட்டான். அதுவரை அவளுக்கு அதை ஆட நேரம் வாய்க்கவில்லை, அதற்குப் பிறகு ஒருமுறைகூட ஆடவில்லை. ஆடத் தெம்பில்லை. புள்ளிகளை மட்டும் பார்த்தாள். வேலையும் நடந்தது, மனசும் எப்படியோ தப்பித்தது.

படகுத்துறையில் பலரும் கொஞ்சம் தயங்கினார்கள். ஆனால் ஒரு புள்ளி தினமும் மத்தியானம் அங்கே வந்து நிற்கும், சிவக்கும், படகில் ஏறாமலே போய்விடும். பாவம், யாரோ வழி தெரியாமல் முழிக்கிறார்கள் என்று அவளுக்கு இரக்கம்கூட வந்தது. படகுக்காரன் வளவளவென்று பேசுவதுதான் கோளாறு என்று முடிவு கட்டினாள். பேச்சை வெட்டிவிட்டு, ஆள் கிட்டே போனதும் ஏற்றிக்கொண்டு அக்கரையில் விட்டுவிடும்படி மாற்றச் சொன்னாள். அக்கரை போனவர்கள் திரும்ப முடியாது. விளையாட்டின் விதி அப்படி.

"ஒரு தடவை கேட்டுப் பாத்துட்டு வெட்டலாமே மேடம்?" என்றான் புதிதாகச் சேர்ந்திருந்த புரோகிராமர்.

"கேக்க என்ன இருக்கு? அதான் செக்கச்செவேல்னு தெரியுதே."

மாற்றிய மறுநாள் படகுத்துறை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. கலக்கிட்டீங்க என்று மேனேஜர் பாராட்டினார். சாயங்காலம் அண்ணி போன் செய்தாள்.

"உங்க ஆபீஸ்ல அந்த கேம்ல எதாவது மாத்தினீங்களா?"

"ஏன் அண்ணி?"

"மத்தியானம் சாப்ட்டுட்டு வழக்கம்போல அவர்கிட்ட போனேன். ஒரு வார்த்தை பேசல. ஏத்திக்கிட்டுப் போய் அந்தப் பக்கம் விட்டுட்டார்."

"யாரு?"

"படகுக்காரர்தான். உங்கண்ணன் குரலாச்சே அது. உனக்குத் தெரியாதா?"

நடிகர் வந்து பேசும்வரை இருக்கட்டும் என்று, வடிவமைக்கிறவர்கள் தங்கள் குரலையே பதிந்துவைப்பது அங்கே வழக்கம். பிறகு மாற்றிவிடுவார்கள். இந்த ஒன்றை மாற்ற எல்லோரும் மறந்திருக்கிறார்கள். உலகமே கேட்ட குரல், கூடப்பிறந்தவள் காதில் மட்டும் விழவில்லை.

"சாப்டாச்சான்னு கேப்பார்," என்றாள் அண்ணி. "அப்படி என்ன அவசரம், கொஞ்சம் நில்லுங்களேன்ம்பார். நானும் நிப்பேன். ஏறிட்டா அவ்வளவுதான்னு தெரியும். அதான் ஏறவே மாட்டேன்."

"நான்தான் அண்ணி வெட்டச் சொன்னேன். யாரோ வழி தெரியாம நிக்கறாங்கன்னு நெனச்சுட்டேன். நாளைக்கே பழையபடி மாத்தச் சொல்றேன். முதல்லேர்ந்து ஆடினா மறுபடி வருவார் அண்ணி."

அண்ணி திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"வருவார்தான். ஆனா ஒரு நாள் நானாவே ஏறணும்னு இருந்தேன். அவர் பேசறதெல்லாம் கேட்டுட்டு, போய்ட்டு வரேன்னு சொல்லிட்டு. இந்தத் தடவையும் சொல்லிக்காமயே போயிடுச்சு."

போனை வைத்ததும் அவள் கம்ப்யூட்டரில் மாற்றுவதற்கு முந்தைய பழைய விளையாட்டைத் திறந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு சத்தத்தைக் கூட்டினாள். படகுத்துறைக்குப் போய் நின்றாள். படகுக்காரன் திரும்பிப் பார்த்தான்.

"சாப்டாச்சா?"

"இல்லண்ணா," என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.