அலை படாத பாத்தி

குழாய் வெடிக்கும்போது நல்லையாவின் இடது காதுதான் அந்தப் பக்கம் இருக்கும். கைப்பிடியைத் திருப்ப வேறு விதமாக நிற்க முடியாது. இரும்புக் குழாய்க்குள் காற்றை ஏற்றினால் நடுவிலுள்ள அலுமினியத் தகடு கிழிந்து, அதிர்ச்சி அலை முனையில் தொங்கும் ஏலவிதைப் பையில் போய் அறையும். விதையின் கெட்டித்தோல் நெகிழ்ந்து சீக்கிரம் முளைக்கும் என்பது கொழும்பிலிருந்து சோதனை செய்ய வந்த அதிகாரி மாத்தயாவின் நம்பிக்கை. தொண்ணூற்றாறாம் ஆண்டு அது, யுத்த காலம். முதல் சத்தத்துக்கே குண்டு என்று நினைத்து பொலிஸ் வந்துவிட்டது. நல்லையாவின் அடையாள அட்டையை மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடித்து அடித்து அந்தக் காது செத்துப்போனது.

"ஒரு காதுதானே புள்ள. சோதனை சரிவந்தா நம்ம ரெண்டு பேரையும் நிரந்தரமாக்குறாங்களாம்" என்றான் மனைவி சந்திரகாந்தாவிடம்.

அவள் நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள். அலை பட்ட விதை ஒரு பாத்தி, படாத விதை இன்னொரு பாத்தி. பட்டது மளமளவென்று எழும்பியது. படாதது சவலைப் பிள்ளையாகச் சோர்ந்து கிடந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னாலிருந்த மாட்டுக்கொட்டிலில் சாணி அள்ளி, கரைத்து, தினமும் விடிந்ததும் அந்தப் பாத்திக்கு மட்டும் ஊற்றினாள். எதற்காக இரண்டு பாத்தி என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஐந்தாம் மாதம் மாத்தயா அளவுகோலோடு வந்தார். இரண்டு பாத்தியும் ஒரே உயரம். அளவு குறித்த கொப்பியை மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

தோட்டத்து மேற்பார்வையாளர் மக்கீன் இருவர் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். "அலை பட்டதும் படாததும் ஒண்ணுபோல வளந்திருக்கு. அப்ப அந்த வெடியால பிரயோசனம் இல்லையாம். சோதனைய நிப்பாட்டிட்டாங்க. திங்கக்கிழமையிலிருந்து வேல இல்ல. போக முந்தி ரெண்டு பாத்தியையும் புடுங்கிப் போட்டுருங்க."

எதற்காக இரண்டு பாத்தி என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

இருவரும் குந்தியிருந்து பிடுங்கினார்கள். அவள் அவனுக்கு இடது பக்கம். படாத பாத்தியின் நாற்றுகள் லேசில் வரவில்லை.

"நாந்தாங்க இதுக்குச் சாணித்தண்ணி ஊத்துனேன். வெளங்காமப் பண்ணிட்டேங்க."

நல்லையா ஒரு பிடி நாற்றைக் குவியலில் எறிந்தான். அவள் வாய் அசைந்ததைக் கண்டு, வலது காதைத் திருப்பினான்.

"என்னமோ சொன்னியே?"

அவள் கேட்கிற அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா வேர் புடிச்சிருக்குன்னேன்."

"ஆமா" என்று அவன் அடுத்ததைப் பிடுங்கினான்.