தாள் சுருட்டும் உருளை

விடியுமுன்பே சாரல் பிடித்துக்கொண்டது. பண்பொழி ரோட்டுக்கு மேற்கே, சிவனணைந்தபெருமாளின் தக்காளித் தோட்டத்தில் பெண்கள் நனைந்த சேலையோடு வேலையில் இறங்கினார்கள். காய்ப்பு முடிந்து செடிகளைப் பிடுங்கியாகிவிட்டது. ஈரம் காக்கவென்று பாத்தி நெடுக விரித்திருந்த கருப்புப் பிளாஸ்டிக் தாள்தான் மிச்சம். அதை மண்ணிலிருந்து உரித்து, கழுவி, மதுரைப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். அங்கே அதை உருக்கி வாளி வார்க்கிறார்களாம். ஜில்லாவில் எவனும் செய்யாத விவசாயம் என்று முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. பெருமைப்பட அவருக்கு நேரம் இருந்தது. பெண்களுக்கு நிமிரக்கூட நேரமில்லை.

டிராக்டருக்குப் பின்னால் ஓர் இரும்பு உருளை. வண்டி நகர நகர அது சுழன்று தாளைச் சுருட்டும். பெண்கள் இரு பக்கமும் குனிந்தபடியே நடந்து, தாளில் ஒட்டிய சகதியைத் தட்டிவிட வேண்டும். கை உள்ளே போகாதபடி உருளைக்கு முன்னால் கம்பி வலை ஒன்று இருந்தது. அதில் சேறு அடைத்து அடைத்து வேலை நின்றது. லாரி வருகிற நேரத்தில் இது என்ன இழவு என்று முதலாளி கழற்றச் சொன்னார். டிரைவர் குற்றாலிங்கம் கழற்றி வரப்போரம் போட்டான்.

உருளையை ஒட்டினாற்போல் நடந்தவள் ஹைருன் பீவி. தென்காசியில் தறி நெய்தவள். மில் துணி வந்து தறியை முடக்கியது. கொழும்புக்குப் போன புருஷன் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். காட்டு வேலை தெரியாத அவளை மற்றவர்கள் 'தறிக்காரம்மா' என்பார்கள். பகைமை ஒன்றுமில்லை, பழக்கமும் இல்லை. அவர்கள் பேச்செல்லாம் நாற்று, களை, அவரவர் ஊர்க் கோயில் கொடை. அவளுக்கு அதில் சொல்ல ஒன்றும் இருக்காது. இத்தனை பேர் நடுவில் ஒருத்தி இப்படித் தனியாகக் கிடப்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அன்று பாதிப் பாத்தியில் தாள் கிழிந்தது. காட்டு வேலை பார்த்த எவளும் ஒதுங்கியிருப்பாள். ஹைருன் ஒதுங்கவில்லை. இழை அறுந்தால் அடுத்த கணமே கை போய்ப் பிடித்து முடிச்சுப் போட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து பழகிய கை அது. கிழிந்த நுனியைப் பிடிக்கப் போனது. உருளை தாளோடு சேர்த்து அவள் விரல்களையும் இழுத்தது.

"நிறுத்துலே! நிறுத்து!" என்று பக்கத்துப் பாத்தியில் குனிந்து நடந்த உலகம்மாள் அலறினாள்.

வண்டி நிற்பதற்குள் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

கட்டுப் போட்ட கையோடு வீடு திரும்பியவளை முதலாளி காரில் வந்து பார்த்தார். உள்ளே வரவில்லை.

"ஒன்னை யாரும் கையை விடச் சொல்லலியே?"

"இல்ல முதலாளி. நானாத்தான் விட்டேன்."

"சரி. இனிமே வேலைக்கு வர வேண்டாம்."

அவ்வளவுதான் விசாரணை. தப்பு தன்னுடையதுதான் என்று அவளும் நம்பினாள். ஓடாத தறிக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தாள். தண்ணீர் மொண்டு கொடுக்கக்கூட ஆளில்லை. இருந்த கொஞ்ச நஞ்சக் கஞ்சியையும் இடது கையால் குடிக்கத் தெரியாமல் மேலெல்லாம் கொட்டிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் சாயங்காலம் வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. உலகம்மாளும் தோட்டத்துப் பெண்களும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் குற்றாலிங்கம், தலை குனிந்தபடி.

"நீயாத்தான் கையை விட்டேன்னு எங்க எல்லாரையும் சொல்லச் சொல்லுதாரு முதலாளி," என்றாள் உலகம்மாள்.

"நெசந்தானே யக்கா? நாந்தானே விட்டேன்."

"விட்டது நீ. வலை இருந்தா கை உள்ள போயிருக்குமா? அதைச் சொல்லு."

குற்றாலிங்கம் வாயைத் திறந்தான். "கழத்துனது நாந்தான் தாயி. வலையை மாட்டாம இனிமே வண்டி எடுக்க மாட்டேன்."

"நாளைக்கு நீயும் வரணும்," என்றாள் உலகம்மாள்.

"இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் வந்து என்ன செய்ய?"

"எங்ககூட நில்லு. அது போதும்."

காலையில் டிராக்டர் கிளம்பவில்லை. சேதி போய் முதலாளி குடையோடு வந்து சேர்ந்தார். ஹைருனைக் கண்டதும் முகம் கடுத்தது.

"நீயே சொல்லுட்டி. கையை யாரு விட்டா?"

"நாந்தான் முதலாளி." கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். அதோடு நிறுத்தவில்லை. "அறுந்தா என் கை தானாப் போகும். அவசரத்துல மத்தவங்க கையும் போகும். வலையை மாட்டுங்க. எனக்குத் தாள் கழுவுற வேலை குடுங்க, ஒத்தக் கையால முடியும்."

"வலையை மாட்டினா வேலை ஓடாது."

"ஓடலைன்னா எறங்கிச் சேத்தை வழிப்போம்," என்றாள் உலகம்மாள். "விரலை வழிக்க எங்களால முடியாது."

"ஏலே குற்றாலிங்கம், வண்டியை எடு!"

"வலை மாட்டட்டும் முதலாளி." சாவியை அவரிடமே நீட்டினான்.

முதலாளி சாவியைப் பிடுங்கிக்கொண்டார். "நீங்க இல்லாட்டா ஒலகம் நின்னுருமா? கடையத்துலேர்ந்து ஆளு கொண்டாருதேன். மத்தியானத்துக்குள்ள உருளை ஓடுதா இல்லையான்னு பாருங்க."

கார் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனது. சொன்னதைச் செய்கிறவர்தான். கடையத்தில் வேலையில்லாத கைகளுக்குப் பஞ்சமும் இல்லை. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுப்பெரியாத வீடு எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"வந்துருவாங்களே, என்னட்டி செய்ய?" என்றாள் ஒருத்தி.

யாரும் எதிர்பாராமல் ஹைருன் பேசினாள். "வரட்டும். வாரவங்களுக்கும் கை இருக்கும்லா?"

அவள் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள். கடையத்து ஆட்கள் தோட்டத்தில் கால் வைக்குமுன் அவர்களிடம் பேசிவிட வேண்டும். வரப்பு வழுக்கியது. உலகம்மாள் எட்டி வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்களும் பின்னாலேயே கிளம்பிவிட்டார்கள்.