வெறுந்தட்டுச் சோதனை

சலவை இயந்திரத்துக்குள் தலையை விட்டு, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட ஈரத்துணிகளை உருவிக்கொண்டிருந்தபோது சின்னவளின் கைபேசி முனகியது. கையைத் துடைக்காமலே எடுத்துப் பார்த்தாள். செயலிக் கடையிலிருந்து மூன்றாவது நிராகரிப்பு. முதல் இரண்டைப் போலவே இதிலும் மரியாதைக்குக் குறைவில்லை. முயற்சிக்கு நன்றி சொல்லி, பொறுமைக்கு நன்றி சொல்லி, அப்புறம்தான் அடி. பட்டுத்துணியில் செருப்பைச் சுற்றி அடிப்பது என்பார்களே, அந்த ரகம். ஆனால் இந்தத் தடவை கடைசியில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. உண்மைக்கு மாறான விளக்கம் இன்னொரு முறை வந்தால் உங்கள் கணக்கையே மூட வேண்டியிருக்கும் என்றது அந்த வரி. ஈரக்கை பட்டு எழுத்துகள் நெளிந்தன. துடைத்துப் பார்த்தாள். வரி அப்படியேதான் இருந்தது.

அவளும் அண்ணனும் சாக்கு மொத்த வியாபாரியின் பிள்ளைகள். வாங்குகிறவன் முகத்தைச் சுளித்தால் விலை குறையும், விற்கிறவன் சுளித்தால் சரக்கு ஏறும் என்று பாலோடு குடித்து வளர்ந்தவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு வாய்த்தது, முகமே இல்லாத ஒரு கடை. சுளிப்பதற்கும் ஆளில்லை, சுளித்தால் பார்ப்பதற்கும் ஆளில்லை. அதோடு மல்லுக்கட்டாமல் விட்டுவிடவும் வழியில்லை. அவர்கள் செய்திருந்த செயலி திரைச்சீலை தைக்கிறவர்களுக்கானது. ஜன்னல் அளவுகளைக் கொடுத்தால், பூவுக்குப் பூ பொருந்தும்படி துணியை எங்கே வெட்டினால் வீணாகாது என்று அது சொல்லும். சொல்வதோடு நில்லாமல், துணி நீளத்துக்கே ஒரு வெட்டுத்தாளை அச்சடித்துத் தரும். தாளை விரித்துக் கத்தரியை ஓட்ட வேண்டியதுதான். ஊரிலேயே பெரிய திரைச்சீலைக் கடையின் முதலாளியம்மா அந்த நீளத்தாளைப் பார்த்த மாத்திரத்தில் மயங்கிவிட்டார். தன் கிளைகளுக்கெல்லாம் வேண்டும் என்றார். ஆனால் அவர் கடைக் கணினிகளில் செயலிக் கடை வழியாக வருவதைத் தவிர வேறெதுவும் ஏறாது. பூட்டு அப்படி.

சின்னவள் எழுதிய நிரல் தனியாக ஓடக்கூடியதல்ல. வெளியூர் போகிறவன் அடுப்பையும் கட்டிக்கொண்டு போவதைப் போல, அது ஓடுவதற்கு வேண்டிய ரன்டைம் நூலகங்கள் எனப்படும் ஆயத்த நிரல்களையும் கூடவே ஒரே பொதியாகக் கட்டி அனுப்ப வேண்டும். அவற்றை எழுதியவர்கள் எங்கேயோ இருக்கிற யாரோ. உலகமே இலவசமாக எடுத்துக் கட்டிக்கொள்கிறது. சமைப்பது தங்கை, பொதி கட்டுவது அண்ணன் என்று ஆரம்பத்திலேயே பேச்சு. அவன் தன் கணினியில் கட்டித் தருவதை அவள் பிரித்துப் பார்த்ததில்லை. அண்ணன் கட்டிய மூட்டையை அவிழ்த்துப் பார்க்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. செயலிக் கடை காட்டிய குற்றமோ சரியாக அந்தப் பொதிக்குள்தான் இருந்தது. வெளியார் தொடக்கூடாத, கணினியின் உள்ளறைக் கதவு ஒன்றை உங்கள் நூலகம் தட்டுகிறது என்றார்கள். அவள் எழுதாத பாட்டுக்கு அவள் வாங்கிய உதை.

முதல் நிராகரிப்பு வந்தபோது அண்ணன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகுச் சாய்வில் மோவாயை வைத்துக்கொண்டு சிரித்தான்.

"மெஷினை விட்டுத் துழாவுறானுங்க. மனுஷன் எவன் பாக்குறான்? நம்ம பக்கம் தப்பில்லைன்னு அடிச்சு எழுது."

எழுதினாள். அவன் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து படித்தான். 'எங்களுக்குத் தெரிந்தவரை அப்படி எதையும் பயன்படுத்தவில்லை' என்று அவள் எழுதியிருந்த வாக்கியத்தில் முதல் இரண்டு சொற்களை அவனே கை நீட்டி அழித்தான். "இது எதுக்கு? பயந்த மாதிரி இருக்கு பாரு," என்றான். சொற்கள் போனதும் வாக்கியம் நிமிர்ந்து நின்றது. அவளுக்கே அது பிடித்திருந்தது. அதைத்தான் இரண்டாம் முறை இன்னும் உரக்கச் சொல்லி அனுப்பினாள். கீழே இருந்தது அவள் பெயர். கணக்கும் அவள் பெயரில்தான். "நம்ம ரெண்டு பேர்ல யாருக்கு நல்ல பேரு? உனக்குத்தானே," என்று அதைத் திறக்கும்போது அண்ணன் சொல்லியிருந்தான். அந்தக் கணக்கில்தான் அவள் தனியாக முன்பு செய்த வேலைகளும் இருந்தன. அது மூடினால் அவையும் போகும். மூடப்பட்ட பெயரைக் கடை மறுபடி உள்ளே விடாது.

துணிகளை வாளியிலேயே விட்டுவிட்டு மேசைக்கு வந்தாள். வியாபாரி வீட்டில் சரக்கில் சந்தேகம் வந்தால் சரக்கை நிறுக்கமாட்டார்கள். முதலில் வெறுந்தட்டைத் தொங்கவிட்டுத் தராசைப் பார்ப்பார்கள். அவளும் அதையே செய்தாள். ஒன்றுமே செய்யாத, திரையில் வெற்றுச் சன்னல் ஒன்றை மட்டும் திறக்கிற செயலியை எழுதினாள். நூலகத்தை அதை எழுதியவர்களின் இடத்திலிருந்தே புதிதாக இறக்கி, தன் கையால் பொதி கட்டிக் கடைக்கு ஏற்றினாள். கடையின் இயந்திரம் துழாவிப் பார்த்துவிட்டு, குறை ஒன்றுமில்லை என்றது. அதே வெற்றுச் சன்னலை அண்ணன் கட்டித் தந்த நூலகத்தோடு ஏற்றினாள். உள்ளறைக் கதவு என்றது கடை.

ஊரெல்லாம் பயன்படுத்துகிற நூலகத்தில் பழுதில்லை. முகமில்லாத கடை பொய் சொல்லவில்லை. மிச்சமிருந்தது ஒரே ஒரு முகம்.

அண்ணன் வீட்டில் அண்ணிதான் கதவைத் திறந்தாள். உள்ளே அவன் குழாய் போட்டுக் குளிக்கிற சத்தம். சின்னவள் முகத்தைப் பார்த்து அண்ணி பதறினாள். விஷயம் செயலிக் கடைதான் என்று தெரிந்ததும் மூச்சு விட்டாள்.

"அந்த நீளத்தாள் சமாசாரமா? நான் வேற என்னமோன்னு பயந்துட்டேன். முதல் லெட்டர் வந்த அன்னைக்கே சொன்னாரே, இதனாலதான் மாட்டிக்கிச்சுன்னு." சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். "உன்கிட்ட சொல்லலையா?"

சின்னவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா, அவளுக்கே தெரியாது. அண்ணி சட்டென்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

துண்டோடு வந்த அண்ணன் அவளைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். மறுக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கசந்தது. முதலாளியம்மாவுக்குக் காட்டப் போன நாளுக்கு முந்தின நாள் தாள் பக்கம் பக்கமாகத் துண்டாகி விழுந்ததாம். நூலகத்துக்கு ஒரே நீளமாக அச்சடிக்கத் தெரியாதாம். உள்ளே கைவிட்டு, அந்தக் கதவைத் தட்டும்படி அவனே மாற்றினானாம்.

"அன்னைக்கு அது இல்லைன்னா இந்த வியாபாரமே இல்லை. அதை யோசிச்சியா?"

"அதைக் கேக்கலண்ணா. தெரிஞ்சுக்கிட்டே என்னை சத்தியம் பண்ண விட்டியே."

"சொன்னா உனக்கு எழுத வந்திருக்குமா? உனக்குப் பொய் சொல்ல வராது. வாய் குழறும். தெரியாம சொன்னாத்தான் நம்புவாங்க. உன் நல்லதுக்குத்தாண்டி."

துண்டின் நுனியால் காதைத் துடைத்துக்கொண்டே இதைச் சொன்னான். கழுதைக்கு முன்னால் புல்லைக் கட்டித் தொங்கவிட்டவன், பார் எவ்வளவு ஜோராக நடக்கிறது என்று கழுதையிடமே பெருமைப்பட்டுக்கொள்வதைப் போல. சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் நூலகத்தை எழுதியவர்களிடமிருந்தே எடுத்துத் தன் கையால் பொதி கட்டினாள். முன்பு சொன்னது தவறு, அந்த மாற்றம் எங்கள் பக்கம் செய்ததே என்று 'எங்கள்' போட்டுத்தான் கடைக்கு எழுதினாள். 'என் அண்ணன்' என்று எழுதி, அழித்துவிட்டுப் போட்ட 'எங்கள்'. கடை அதற்கும் நன்றி சொன்னது. செயலியை ஏற்றுக்கொண்டது. அண்ணன் கைபேசியில் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினான், நேற்று ஒன்றுமே நடக்காததைப் போல.

திரைச்சீலைக் கடையில் முதல் நாள். அண்ணன் செய்த மாற்றம் இல்லாமல் தாள் இனி துண்டாகத்தான் வரும் என்று முதலாளியம்மாவைத் தனியே பார்த்துச் சொல்லிவிடலாம் என்று சின்னவள் சீக்கிரமே கிளம்பினாள். அவளுக்கு முன்பே அண்ணன் அங்கே இருந்தான். வெளுத்த சட்டை, வாரிய தலை. வெட்டுகிறவர்கள் கத்தரிகளோடு மேசையைச் சுற்றி நின்றார்கள். பெரிய பூப்போட்ட துணிச்சுருள் ஒன்று விரிந்து கிடந்தது. யாரோ பொத்தானை அழுத்திவிட்டார்கள். அச்சு இயந்திரம் ஒரு முழத்துக்கு ஓடி நின்றது. தாளைக் கத்தரித்துத் துப்பியது. மறுபடி ஓடியது, மறுபடி நின்றது.

முதலாளியம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அன்னைக்குக் காட்டினப்போ ஒரே நீளமா வந்துச்சே தம்பி?"

"அது பழைய முறைங்கம்மா," என்றான் அண்ணன், கொஞ்சமும் தயங்காமல். "நீளமா வந்தா மடிப்பு விழுந்து அளவு மாறுது. அதுக்காகவே தங்கச்சி உக்காந்து துண்டா வர்ற மாதிரி மாத்தினா. ஒட்டிக்கிட்டா போதும். கிழிஞ்சாலும் ஒரு துண்டை மட்டும் திரும்ப எடுத்துக்கலாம் பாருங்க."

வெட்டுகிறவர்களில் ஒருவர், அதுவும் சரிதான் என்பதுபோலத் தலையசைத்தார். சின்னவள் அண்ணனின் முகத்தையே பார்த்தாள். தெளிந்த கண்கள். வாயோரத்தில் சின்னப் பரிவு. சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தவளிடம் மருந்து கசக்காது என்று சொன்ன முகம். பயந்த மாதிரி இருக்கு பாரு என்று சொன்ன முகம். எது பரிவு, எது பொய் என்று பிரிக்க அதில் ஒரு தையல்கூட வெளியே தெரியவில்லை. அவளுக்காகத்தான் சொல்கிறான். இன்று அவளைக் காப்பாற்றத்தான் சொல்கிறான். அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. அவளைப் பயமுறுத்தியதும் அதுதான்.

முதலாளியம்மா அவள் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா? நீயா மாத்தினே?"

கத்தரிகள் காத்திருந்தன. அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. துணியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தான். இயந்திரம் மூச்சிழுத்து அடுத்த துண்டைத் துப்பியது. தரையில் விழப்போனதைச் சின்னவள் எட்டிப் பிடித்தாள். தாள் இன்னும் சூடாக இருந்தது. அதன் விளிம்பில் பூ ஒன்று சரியாகப் பாதியோடு நின்றிருந்தது. மறுபாதி இயந்திரத்துக்குள் இன்னும் வரையப்பட்டுக்கொண்டிருந்தது.