அம்மாவுக்காக விட்ட பந்து

வார்டன் ஃபாதர் பார்வையாளர் அறை வாசல்வரை கூடவே வந்தார். “நீங்க போன் பண்ண அன்னைக்கே நான் அவன்கிட்ட சொல்லியிருக்கலாம். வீட்டு மனுஷங்க வாயால கேக்கட்டும்னு விட்டுட்டேன்மா,” என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் கதவை ஒருக்களித்து வைத்துப் போனார்.

போர்டிங்கில் ஐந்து பையன்களுக்கு அம்மை போட்டிருந்தது. இரண்டு வாரமாக யாரையும் வெளியே விடவில்லை. அம்மாவின் அடக்கத்துக்குக்கூடத் தம்பியை விடவில்லை. அவனுக்கு எதுவும் தெரியாது. சொல்லத்தான் வந்திருக்கிறாள். பஸ்ஸில் வழி முழுக்க அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தபடியே வந்தாள்.

தம்பி ஓடி வந்தான். இடுப்பில் நிற்காத கால்சட்டையை ஒரு கையால் பிடித்திருந்தான்.

“என்னடா இப்படி இளைச்சுட்ட? சோறு போடறாங்களா இல்லையா?”

“சோறெல்லாம் போடறாங்க. டீயத்தான் கேக்காத. அதுல மூஞ்சி பாத்துத் தலை சீவலாம்.” தானே சிரித்துக்கொண்டான். “அம்மா எப்படி இருக்காங்க? எந்திரிச்சு உக்காந்தாங்களா?”

அவள் வாய் திறப்பதற்குள் அவனே தொடர்ந்தான். ரொம்பப் பிடித்த ஒன்றை விட்டுக்கொடுத்து ஆண்டவரிடம் கேட்கலாம், அதற்குப் பேர்தான் ஒறுத்தல் என்று மறைக்கல்வி வகுப்பில் சொன்னார்களாம். பக்கத்துக் கட்டில் குண்டன் தன் தங்கச்சிக்காகச் சர்க்கரையை விட்டானாம். இவன் அம்மாவுக்காகப் பந்தை விட்டிருந்தான். மாலை மணி அடித்ததும் மற்றவர்கள் மைதானத்துக்குப் பாய, இவன் கோயில் படியில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வான்.

“‘கிழவா, வாடா’ன்னு கத்துவானுங்க. நான் அசையவே மாட்டேன். ஒரே ஒரு நாள்தான்க்கா…” குரல் இறங்கியது. “போன புதன்கிழமை. அஞ்சு பேருக்கு அம்மையா, ஆள் பத்தல. கெஞ்சுனானுங்க. எறங்கிட்டேன். கோல்கூட போட்டேன். மறுநாளே ரெண்டு ஜெபமாலை சேத்துச் சொல்லிட்டேன். பரவால்லதானே?”

அதே புதன்கிழமை, விளக்குப் போடும் நேரத்தில்தான், அவள் மடியில் அம்மாவின் தலை சாய்ந்தது.

“பரவால்லடா.” அவன் கையைப் பிடித்தாள். பஸ்ஸில் சொல்லிப் பார்த்ததில் ஒரு வார்த்தையும் வரவில்லை. “குட்டி, அம்மா போயிட்டாங்கடா.”

அவன் அழவில்லை. முகம் மட்டும் வெளுத்துக்கொண்டே போனது.

“எப்ப?”

அவன் என்ன கேட்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

“திங்கக்கிழமை.”

“நெஜமாவா?”

சுவரோரம் மாதா சொரூபம் இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. “மாதா சத்தியமா.”

“அப்ப நான் விளையாடுறதுக்கு முன்னாடியே…”

“முன்னாடியேதான்டா.”

பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டான். அப்புறம்தான் அழுகை வந்தது. அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, “நான் கோல் போட்டப்ப அம்மா செத்துக் கெடந்தாங்களா? எல்லாரும் கை தட்டுனானுங்கக்கா,” என்றான்.

அவள் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

திரும்பும் வழியில் தச்சர் பட்டறையில் இறங்கினாள். கல்லறைச் சிலுவைக்கு வெள்ளை அடித்துக் காய வைத்திருந்தார்.

“தேதி மட்டும்தான் பாக்கி. புதன்கிழமைன்னு அப்பா சொன்னாரு.”

“திங்கக்கிழமைத் தேதி போடுங்கண்ணே.”

“என்னம்மா இது? அடக்கத்துக்கு நானும்தானே வந்தேன்.”

“லீவுக்கு வந்தா தம்பி பாப்பான். அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்.”

தச்சர் பிரஷ்ஷை டப்பா விளிம்பில் வழித்துவிட்டு எழுத ஆரம்பித்தார். அம்மாவின் ஆயுளில் இரண்டு நாள் குறைந்தது. அந்த இரண்டு நாளும் அம்மா நல்ல நினைவோடுதான் இருந்தாள். தம்பி வந்துவிட்டானா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். அதை இனி அவனிடம் சொல்லவே முடியாது.